இடது பக்க இருக்கை

ஜூன் 9, ஞாயிறு

காலையில் எங்கள் பழைய ராலிப் பந்தயக் காரை, செடியாவை, ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். வாரம் ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் பேட்டரி உட்கார்ந்துவிடும். மற்றபடி எனக்கு அந்த வண்டிமேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஷெட்டில் ஒரு பொருள் நின்றால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கையோடு டாஷ்போர்டைத் துடைத்தேன். சீட் பெல்ட்டுகளைக் கழற்றி அலசிக் காயப்போட்டேன். சக்கர இடுக்குகளில் பழைய டூத் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் உச்சி வெயில். மத்தியானத்துக்குத் தயிர் சாதம்தான் என்றாகிவிட்டது.

அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த சைலன்சர் உறுமினால் எதிர்வீட்டு நாய்கூடக் குரைக்கும். அவர் தலையை நிமிர்த்தவில்லை. முன்பெல்லாம் நான் சாவியைத் திருப்பியதுமே, “ஐடிலிங் ஏறிக் கெடக்குது பாரு, பூர்ணி” என்று குளியலறையிலிருந்தே குரல் வரும்.

இரும்பு வார்க்கிற பவுண்டரியின் கவலை மனுஷனை இப்படி ஆக்கிவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

லோடு திரும்பி வந்துவிட்டது. ஒரு லாரி நிறைய பம்ப் பாடி, மோட்டார் பம்பின் இரும்புக் கூடு. கம்பெனிக்காரர்கள் கேட்ட அளவு வேறு, நம் பவுண்டரியில் வார்த்த அளவு வேறாம். எல்லாவற்றையும் உடைத்து மறுபடி உலையில்தான் போட வேண்டும்.

“போன்ல ஒண்ணு சொல்றது, அப்பறம் நான் அப்பிடிச் சொல்லவே இல்லீங்கறது. அந்த வேதநாயகத்துக்கு இதே பொழப்பாப் போச்சு” என்று கத்தினார். வேதநாயகம் அந்த பம்ப் கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர். பத்து வருடப் பழக்கம். இப்படி ஏமாற்றுகிற ஆளாக எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் பவுண்டரி விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை விலை போடுவதைப் பற்றி ஏதோ சொன்னேன். “அதை நான் பாத்துக்கறேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்துவதுபோலச் சொன்னார். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு இருபத்துச் சொச்சம் வருடமாக அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

ஜூன் 15, சனி

இன்று பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். மேஸ்திரி ராசு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூன் 22, சனி

மத்தியானம் என் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

“சேச்சி, நான் கோட்டயத்துலேர்ந்து ஜோமோன். செடியா விக்கறதா நெட்ல போட்டிருந்தது கண்டு. வண்டி இப்பவும் உண்டோ?”

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. நம்முடைய செடியாவா என்று கேட்டேன். பதிவு எண்ணைச் சொன்னான். நெட்டில் பார்த்தால், வண்டியின் படத்தை எங்கள் ஷெட்டில் வைத்தே அவர் எடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

பொழுதோடு அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “விக்கறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“என்ன?”

“வண்டிங்க! செடியா!”

“அதா. புள்ள மிருதுளாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டோணும். நிறுத்தின ஆளுகளுக்குக் கணக்கு முடிக்கோணும். நின்ன எடத்துல நின்னு துருப் புடிக்கறதுக்கு ஓட்டறவன் கையில குடுத்தரலாம்.”

“அதுக்கு என் நம்பரை எதுக்குப் போட்டீங்க?”

“நீயே பேசு. எனக்குப் பேரம் பேச வராது.”

பேரம் பேச வராதாம். பழைய இரும்புக் கடைக்காரனிடம் கிலோவுக்கு ஐம்பது காசு குறைக்க அரை நாள் உட்கார்ந்து பேசுகிற மனுஷன். வெட்கமாக இருக்கிறது போல. இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவரை அந்த வண்டியோடு சேர்த்துத்தான் தெரியும்.

ஜூன் 30, ஞாயிறு

வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அணைக்க மனம் வராமல் இடது சீட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது என் சீட்.

இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். ராலியில் வண்டி ஓட்டுகிறவருக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது. பக்கத்தில் இருக்கிற நேவிகேட்டர்தான் முன்னாலேயே பார்த்து எழுதிவைத்த குறிப்பை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல வேண்டும். லெஃப்ட் த்ரீ, ரைட் ஃபைவ். எண் குறையக் குறைய வளைவு மோசம். அவருடைய நேவிகேட்டருக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. “படிக்கத்தானே வேணும், நான் வரட்டுமா” என்று விளையாட்டாகக் கேட்டேன். மிருதுளாவை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அதற்கப்புறம் ஐந்து வருடம் அந்த சீட்டில் வேறு யாரும் உட்காரவில்லை.

சிக்மகளூரில் ஒரு காப்பித் தோட்டத்துப் பாதை. விடிந்தும் விடியாத பனி. வண்டி மூக்குக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. “மேடு, ஃபிளாட்” என்றேன். மேட்டுக்கு அப்பால் பாதை நேராக இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காதே என்று அர்த்தம். அவர் காலை எடுக்கவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக மட்டும், ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் அந்த மனுஷன் முழு வேகத்தில் போனார்.

வண்டிக்குள் ‘ங்க’ கிடையாது. ‘கட் பண்ணாதே’, ‘புடி’, ‘விடு’, ‘இப்ப’. ஒரு ‘ங்க’ சொல்லி முடிப்பதற்குள் வளைவு போய்விடும். வெளியே இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் மறுபடி ‘ஏங்க’.

சரி, போகட்டும். வண்டியை விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்குத்தான் தாங்காது.

ஜூலை 4, வியாழன்

மிருதுளா சென்னையிலிருந்து போன் செய்தாள். கடைசி வருடம், கட்டிடக்கலை. அவர் வாங்கி, “ம்ம்… ம்ம்… செரி கண்ணு” என்று சொல்லி உடனே என்னிடம் நீட்டிவிட்டார்.

“அம்மா, அப்பாவுக்கு எம்மேல எதாச்சும் கோவமா? ஃபீஸுக்கு டைம் குடுத்திருக்காங்கன்னு சொல்றேன், செரி கண்ணு வெச்சுரட்டுமாங்கறாரு. ரெண்டு வருஷமா இப்பிடித்தான்.”

“கோவமெல்லாம் இல்ல. தொழில் செரியில்ல.”

“அப்பறம் அந்தக் காரை எதுக்கு வெச்சிருக்கீங்க? வித்துத் தொலைங்க. ரெண்டு பேரும் கடைசியா எப்ப அதுல போனீங்க?”

“அடுப்புல பால் இருக்குது” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

சூலூரில் அப்பா எனக்கு எழுதிவைத்த இடம் இருக்கிறது. சின்ன இடம்தான். அதை விற்கலாம், வண்டி இருக்கட்டும் என்று அவரிடம் சொன்னேன். அவருக்காகத்தான் சொன்னேன்.

சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுபடி சொன்னேன். எழுந்து கை கழுவப் போனார். பின்னாலேயே போய், “உங்ககிட்டத்தாங்க பேசறேன்!” என்று கத்திவிட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். மூன்றாவது முறை சொன்னேன்.

“இடத்தையா? வேண்டாம். அது உம் பேர்ல இருக்கட்டும்.”

“வண்டி போச்சுன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?”

“எனக்கெதுக்கு இனி வண்டி” என்றார்.

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. ஒரு மனுஷனுக்கு ஆசையெல்லாம் இப்படித் துடைத்துவிட்டாற்போலப் போய்விடுமா? வண்டி மேல் இருந்தது போய்விட்டது என்றால் அந்த வண்டிக்குள் இருந்த மற்றதும் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

ஜூலை 11, வியாழன்

துணி துவைத்தேன். கேஸ் வந்தது. நேற்று எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

ஜோமோன் ரயிலில் வந்தான். முப்பது வயதிருக்கும். ரப்பர் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை, இரண்டு வருடமாக ராலி ஓட்டுகிறான். ஷெட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். பிடிக்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சேச்சி, நான் ஸ்கூல் படிக்கும்போ பீர்மேடுல உங்க வண்டி போனது கண்டிருக்கேன். கிரி சார் வளைவுல பின்சக்கரத்தை வீசிக் கொண்டுபோனது இப்பவும் கண்ணுல உண்டு.”

அவர் வண்டியின் வலது கதவருகே நின்றார். ஜோமோன் இந்தப் பக்கமிருந்து, “சார், கியர்பாக்ஸ் எப்போ இறக்கினது?” என்று கேட்டான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டான். பதில் இல்லை. பையன் முகம் சுருங்கிப்போனது. விற்க மனமில்லாமல் இவனை அவமதிக்கிறார் என்று நினைத்துவிட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். “போன வருஷம் ஆயில் மாத்தினதுதான், இறக்கலைங்க” என்று நான் சொல்லிச் சமாளித்தேன்.

விலை பேசி முடிந்தது. முன்பணம் கொடுத்தான். மூன்று வாரத்தில் வந்து எடுத்துக்கொள்வான். போகும்போது இடது சீட்டைக் காட்டி, “இது சேச்சியுடையதல்லே?” என்றான். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

“போறதுக்கு முன்னால ஒருக்கா ஓட்டலாமுங்களா? நம்ம காத்தாடிக் காட்டுல?” என்று கேட்டேன். கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போகும் மண்பாதை. எத்தனையோ தடவை பழகிய இடம். இடத்துக்காரர் தெரிந்தவர், வழியை அடைத்துக் கொடுப்பார்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “எதுக்கு பூர்ணி?”

“உங்களுக்காகத்தாங்க.”

“செரி” என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

பாதையைப் பார்த்துக் குறிப்பெழுத இருவரும் சேர்ந்து போவதுதான் வழக்கம். “பழைய ரோடுதானே, நீயே பாத்துட்டு வந்துரு” என்றுவிட்டார். ராசு மேஸ்திரியின் வேனில் போய் எழுதிக்கொண்டு வந்தேன். பழைய பாதை இல்லை. இரண்டு இடத்தில் மாறியிருக்கிறது. ஒரு இடதுபுறத் திருப்பத்தின் உள்விளிம்பில் புதிதாகக் குழாய் பதித்துக் கல் நட்டிருக்கிறார்கள். ‘லெஃப்ட் த்ரீ, டோன்ட் கட், கல்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். உள்ளே வெட்டித் திருப்பாதே, கல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இருவரின் ஹெல்மெட்டையும் துடைத்தேன். ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்கிற இன்டர்காமுக்குப் புது பேட்டரி போட்டேன். அவர் பக்கத்து வால்யூம் திருகு கடைசிவரை திருப்பியிருந்தது. காலையில் எடுத்துச் சோதித்துப் பார்த்தார் போல. இத்தனை சத்தம் வைத்தால் காது கிழிந்துவிடும் என்று பாதிக்குக் குறைத்துவைத்தேன்.

கல்யாணத்துக்குப் போவதுபோல இருக்கிறது எனக்கு. தலைக்குக் குளித்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இருவருக்கும் பெரிய அடி இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

தோள்பட்டையில் பெல்ட் அழுத்திய இடம் கறுத்துப்போயிருக்கிறது. வலது கை நன்றாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட்டோம். ஹெல்மெட், பெல்ட். “ரெடியா?” என்றேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணினேன். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி விரல் மடங்கியதும் வண்டி பாய்ந்தது.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு, நேர்ப்பாதை. காற்றாலைகள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. நான் படிக்கப் படிக்க வண்டி திரும்பியது. சிரித்துக்கொண்டே படித்தேன் என்று நினைக்கிறேன். கல் இருக்கிற திருப்பம் வந்தது. “லெஃப்ட் த்ரீ, டோன்ட் கட், கல்” என்றேன். எப்போதும் சொல்கிற நேரத்தில்தான் சொன்னேன். அவர் உள்ளே வெட்டினார்.

“கட் பண்ணாதே!” என்று அலறினேன். அதுவும் நேரத்தில்தான்.

முன்சக்கரம் கல்லில் ஏறியது. வண்டி ஒருமுறை சுழன்று வரப்பில் குறுக்காக நின்றது. ஒரே புழுதி. ரேடியேட்டரிலிருந்து ஆவி. நான் அவர் பக்கம் திரும்பி, “என்ன ஆச்சு உனக்கு? சொன்னேனில்ல? ரெண்டு தடவை சொன்னேனில்ல?” என்று கத்தினேன். ‘ங்க’ இல்லாமல்தான்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தார், பிறகு முழுதாக என் பக்கம் திரும்பினார்.

“கேக்கல, பூர்ணி.”

“எது?”

“நீ சொன்னது. எதுவுமே சரியாக் கேக்கல.”

“வால்யூமை ஏத்தச் சொல்லியிருக்கலாமில்ல?”

இல்லையென்று தலையை ஆட்டினார். “இடது காது எப்பவோ போயிருச்சு. உலை வெடிச்ச அன்னிக்கு. இப்ப வலதும் கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டு இருக்குது.”

உலை வெடித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஈரமான பழைய இரும்பு உள்ளே விழுந்து, உருகிய இரும்பு மேலே தெறித்துவிட்டது. சட்டையில் ஓட்டை ஓட்டையாக வந்து நின்றார். ஒன்றுமில்லை, லேசாகச் சுட்டுவிட்டது என்றார். நானும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

“ரெண்டு வருஷமா ஏங்க எங்கிட்டச் சொல்லல?”

“செவிடன்கிட்ட எவன் ஆர்டர் குடுப்பான்? உங்கிட்டச் சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. காதுல மெஷின் மாட்டிட்டு கம்பெனிப் படியேறோணும்.” ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, “அப்பறம்… உங்கிட்டச் சொல்ல முடியல. எங்கிட்ட நீ பேசினதே இதுக்குள்ள உக்காந்துதானே” என்றார்.

“அப்பறம் இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?”

“நீ கேட்டியே. ரோடு மனப்பாடமா இருக்குது, ஓட்டிரலாம்னு நெனச்சேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் படித்த ஒரு வளைவுக்குக்கூட அவர் என் குரலுக்காகத் திரும்பவில்லை. பழைய ஞாபகத்தில் ஓட்டியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காற்றிடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ராசு வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். எந்தப் பக்கம் உட்கார்வது என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதும்போல இடது பக்கம்தான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காது டாக்டர். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். நான் வெளியே நின்று பார்த்தேன். வலது காதுக்கு விரல் மெதுவாக எழுந்தது, சில சமயம் பாதி எழுந்து சந்தேகத்தில் நின்றது. இடது காதுக்கு மாற்றினார்கள். அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கவனமாகக் காத்திருந்தார், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி. விரல் எழவே இல்லை. கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, ஆரம்பித்துவிட்டார்களா என்று புருவத்தால் கேட்டார்.

ஆரம்பித்து முடித்தே விட்டார்கள்.

இடதுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். வலதுக்கு மெஷின் வைத்தால் கொஞ்சம் உதவும், ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்று நம்ப வேண்டாம், பவுண்டரிச் சத்தத்தில் நிற்கவே கூடாது என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருடைய வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

“அந்த லோடு வேதநாயகம் தப்பு இல்ல” என்றார் அவராகவே. “போன்ல அளவை ஃபிஃப்டீன்னாரு. எனக்கு ஃபிஃப்டியாக் கேட்டுது. மறுபடி கேக்க வெக்கமா இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். நிறுத்தப்பட்ட ஆட்கள் எல்லோர் முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜோமோனுக்கு நடந்ததைச் சொன்னேன். முதலில், “சேச்சிக்கும் சாருக்கும் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டான். அப்புறம்தான் வண்டியைப் பற்றிக் கேட்டான். முன்பக்கம் வளைந்திருக்கிறது, ரேடியேட்டர் போய்விட்டது என்றேன். விலையைக் குறைத்துக்கொண்டால் அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். வேண்டாமென்றால் முன்பணத்தைத் திருப்பித் தந்தால் போதுமாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று ஸ்டார்ட் செய்ய வண்டியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஷெட்டுக்குப் போனேன். அவரும் வந்தார். இந்தப் பக்கம், என்னைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

“அந்தப் பையனுக்கு முன்பணத்தைத் திருப்பிக் குடுத்தரலாம். வண்டி இருக்கட்டும்” என்றார்.

“எதுக்குங்க?”

“உனக்குத்தான் வேணும். எனக்கில்ல. தெரியாதுன்னு நெனச்சியா? நான் ஓட்டறதுக்கு ஆசைப்பட்டு ஓட்டினேன். நீ இதுக்குள்ள வந்து உக்காந்தாத்தான் மனுஷியா இருந்தே. வெளிய நான் உன்னை அப்பிடி இருக்க விட்டதில்ல.”

எத்தனை நாள் இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். ஷெட்டில் பெட்ரோல் வாடையும் பழைய ரப்பர் வாடையும். ஃபீஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. சூலூர் இடத்தை விற்றால் கட்டிவிடலாம். இந்த வண்டியை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, இங்கேயே நிறுத்தலாம். ஒவ்வொரு ஞாயிறும் துடைக்கலாம். யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

“படிச்சா யாருக்குங்க கேக்கும்?” என்றேன்.

அவருக்குக் கேட்டதோ, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ தெரியாது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜோமோனை வரச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

லாரியில் ஏற்றினார்கள். நம் வண்டிக்கு ஓடத் தெம்பில்லை, கயிறு கட்டித்தான் மேலே இழுத்தார்கள். என் ஹெல்மெட்டும் கிடைக்குமா என்று கேட்க ஜோமோன் தயங்கினான். நானே எடுத்துக் கொடுத்தேன். அவனுடைய நேவிகேட்டர் அவன் தங்கையாம். அவள் தலைக்குச் சரியாக இருக்கும்.

அவர் தெருமுனைவரை லாரியின் பின்னால் நடந்துபோனார். திரும்பி வந்து, “டீ இருக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஃபீஸ் கட்டியாயிற்று. நிறுத்தின ஆட்களில் ஆறு பேருக்குக் கணக்கு முடித்தாயிற்று. மற்றவர்களுக்குச் சூலூர் இடம்தான் வழி. புரோக்கரிடம் சொல்லியிருக்கிறேன். மிருதுளாவுக்கு அப்பாவின் காதைப் பற்றிச் சொன்னேன். “நான் கோவம்னு நெனச்சுட்டேன்மா” என்று மட்டும் சொன்னாள்.

வலது காதுக்கு ஒரு மெஷின் வாங்கினோம். இருப்பதிலேயே குறைந்த விலையில். மாட்டினால் பாத்திரச் சத்தமும் ஃபேன் சத்தமும் மண்டைக்குள் இடிக்கிறதாம், பேச்சு மட்டும் புரியவில்லையாம். சாயங்காலம் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 19, வியாழன்

ராசு மேஸ்திரி பவுண்டரியைப் பார்த்துக்கொள்கிறார். வாரத்துக்கு ஒரு நாள்தான் உலை எரிகிறது. இவர் வாசல் அறையில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது வந்தால் எழுந்து நிற்கிறார், புரிந்த மாதிரி சிரிக்கிறார். இப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

செப்டம்பர் 27, வெள்ளி

காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டுத் தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இனி இது உங்கிட்ட இருக்கட்டும்.”

“பவுண்டரி போனுங்களா?”

“ம். நீயே பேசு. வெலையும் நீயே போடு. உனக்குத்தான் கணக்கு வருமே.”

பத்து மணிக்கு வேதநாயகத்தைக் கூப்பிட்டேன். “கிரிதரன் சார் இல்லீங்களா?” என்று கேட்டார். இருக்கிறார், ஆனால் இனி நான்தான் பேசுவேன் என்றேன். காது விஷயத்தையும் சொல்லிவிட்டேன், அந்த லோடு எங்கள் தவறு என்றும் சொன்னேன். “அடடா… எத்தனையோ தடவை சார் போனை எடுக்கலேன்னு நான் வேற மேல போட்டுக் குடுத்துட்டனுங்களேம்மா” என்றார். பழைய அளவு ஆர்டர் இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது, திருப்ப முடியாது. சோதனைக்குச் சின்னதாக ஒன்று தரலாம், சரியாக வந்தால் பார்க்கலாம். அளவைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். மறுபடி ஒருமுறை திருப்பிச் சொல்லி, எழுதியும் அனுப்பச் சொன்னேன்.

பேசி முடிக்கிறவரை அவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புருவத்தைச் சுருக்கினால் அவர் முகம் வாடியது. தலையாட்டினால் அவரும் ஆட்டினார்.

“என்ன சொன்னாரு?”

வலது பக்கம் போய் நின்று குனிந்து சொன்னேன். ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“நீ சொல்றதுதான்” என்றார்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பழக்கத்தில்தான் குழாயைத் திறந்தேன். அப்புறம் மூடிவிட்டேன். வாய்விட்டே அழலாம். அடுத்த அறையில்தான் இருக்கிறார்.